மூன்றாம் நாளில் தாயின் அருகில் யார்?

டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் மாநகரில், தென்மேற்கே ஹில்கிராஃப்ட் சாலையை ஒட்டிய கடைவீதிக்கு 2010ஆம் ஆண்டில் 'மகாத்மா காந்தி மாவட்டம்' என்னும் பெயர் சூட்டப்பட்டது. மாவட்டம் என்றதும் ஆட்சியர் அலுவலகத்தை எவரும் தேட வேண்டா. இந்தியத் துணைக்கண்டத்தார் கடை வைத்து வளர்த்த ஒரு வட்டாரத்துக்கு மாநகராட்சி அளித்த சிறப்புப் பெயரே அது. சுகர்லேண்ட், கேட்டி, பியர்லேண்ட் முதலிய புறநகர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைப்பேறு நெருங்கும் வேளையில் இவ்வீதியை நாடி வருவதுண்டு. வளைகாப்புக்கு வளையலும் புடவையும், பேறுகாலப் பத்தியத்துக்குப் பூண்டும் சுக்கும் வெந்தயமும் இங்கே வாங்கலாம். பிள்ளை பெற்றவளுக்கு ஊரில் கிடைத்த பொருள்களுள் இங்கே கிடைக்காதவை மிகச் சில. கிடைக்காதது ஆள்தான். நியூ ஜெர்சியின் எடிசனிலும், கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் சன்னிவேல், ஃப்ரீமாண்ட் நகர்களிலும் நிலைமை வேறன்று.

நம்மவர் கூடும் இடங்களில் ஒரு குறை அடிக்கடி பேசப்படுகிறது: இக்காலப் பெண்கள் தாய்ப்பால் கொடுப்பதைச் சீக்கிரமே நிறுத்திவிடுகிறார்கள், வேலையும் உடலழகும் அவர்களுக்குப் பெரிதாகிவிட்டன என்று. பேசுவோர் பெரும்பாலும் ஆண்கள் அல்லது பிள்ளை வளர்த்து முடித்த பெண்கள். இக்கூற்று உண்மைதானா என்று எண்களைக் கொண்டு பார்ப்பது நன்று.

2019ஆம் ஆண்டில் பிறந்த குழந்தைகளைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி இந்நாட்டுக் குழந்தைகளுள் நூற்றுக்கு 83 பேர் தாய்ப்பாலுடன் வாழ்வைத் தொடங்குகின்றனர். மூன்று மாதம் வரை தாய்ப்பால் ஒன்றையே உண்டு வளர்வோர் 45 பேர். ஆறு மாதம் வரை அவ்வாறு வளர்வோர் 25 பேர். பிறந்த இரண்டு நாள்களுக்குள்ளாகவே ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தைக்குப் புட்டிப்பால் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. ஆசிய வழித் தாய்மாரில் தாய்ப்பாலைத் தொடங்குவோர் விழுக்காடு நாட்டின் சராசரியைவிட அதிகம். ஆகவே தொடங்க மனமில்லை என்ற குற்றச்சாட்டு நம் பெண்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

அப்படியானால் நிறுத்துவது விருப்பத்தாலா? 2013ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்த ஒரு கட்டுரை இதற்கு விடை தருகிறது. தாய்ப்பாலை நிறுத்திய பெண்களுள் ஏறக்குறைய நூற்றுக்கு 60 பேர், தாம் விரும்பியதற்கு முன்னரே நிறுத்த நேர்ந்தவர்கள். குழந்தை சரியாகப் பற்றிச் சப்பாமை, பால் போதவில்லை, எடை ஏறவில்லை என்னும் அச்சம், நோயும் மருந்தும், பாலைக் கறந்து சேமிப்பதிலுள்ள பாடு ஆகியவையே அவர்கள் கூறிய காரணங்கள். உடலழகு பற்றிய பேச்சு இம்முதன்மைக் காரணங்களுள் இல்லை. கொடுக்க விரும்பியும் கொடுக்க இயலாமற் போன தாய்மாரைப் பற்றியே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அதைத் தெரிந்துகொண்டு பேசுவோம்.

இந்த இயலாமை எப்போது தோன்றுகிறது என்பதே இத்தலையங்கம் எழுப்பும் கேள்வி.

1996ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டத்தின்படி, இயற்கைப் பேறாயின் 48 மணி நேரமும் அறுவைப் பேறாயின் 96 மணி நேரமும் தாயும் சேயும் மருத்துவமனையில் தங்குவதைக் காப்பீட்டு நிறுவனங்கள் மறுக்கலாகாது. நடைமுறையில் இந்த 48 மணி நேரமே எல்லையாகிவிட்டது. இரண்டாம் நாள் மாலை குழந்தை காரில் ஏற்றப்பட்டு வீடு வந்து சேர்கிறது. தாயின் உடலோ வேறொரு கணக்கில் இயங்குகிறது. முதலில் சுரப்பது சீம்பால்; அளவில் சில தேக்கரண்டிகளே. பால் பெருகி இறங்குவது பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில். அறுவைப் பேறு, முதற்பேறு, பேறுகால நீரிழிவு ஆகியவை இதை இன்னும் தாமதப்படுத்தக்கூடும். தெற்காசியப் பெண்களிடம் பேறுகால நீரிழிவு மிகுதியாகக் காணப்படுகிறது என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆக, மருத்துவமனையில் செவிலியர் சூழ இருந்தபோது பால் இறங்கவில்லை. பால் இறங்கும்போதோ செவிலியர் இல்லை. மூன்றாம் நாள் இரவில் மார்பு கல்லாய்க் கட்டுகிறது. காம்பு வெடித்து எரிகிறது. குழந்தை ஓயாமல் அழுகிறது. தாய் உறங்கி இரண்டு நாளாயிற்று. மறுநாள் குழந்தை மருத்துவர் எடை பார்க்கிறார்; பிறந்த எடையைவிடக் குறைந்திருக்கிறது. முதல் சில நாள்களில் எடை ஓரளவு குறைந்து, பத்து முதல் பதினான்கு நாள்களுக்குள் மீண்டும் ஏறுவது இயல்பு என்பதை யாராவது எடுத்துச் சொன்னால் மனம் அமைதியடையும். சொல்பவர் இல்லாத வீட்டில் பால்மாவு டப்பா திறக்கப்படுகிறது. அந்த டப்பா பல வேளைகளில் விலை கொடுத்து வாங்கப்பட்டதும் அன்று. பேறு நாளைக் குறித்து வைத்திருந்த நிறுவனம் அஞ்சலில் இலவசமாக அனுப்பி வைத்தது!

பால் சுரப்பின் இயல்பு எளிமையானது. எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவு ஊறும். புட்டி கொடுத்த வேளையில் குழந்தை மார்பை நாடவில்லை, நாடாத மார்பு அவ்வேளைக்கு உரிய பாலைக் குறைத்துக்கொள்கிறது, மறுநாள் பால் உண்மையிலேயே குறைகிறது, அச்சம் உறுதிப்படுகிறது. இவ்வாறு இரண்டு வாரம் சென்றால் 'எனக்குப் பால் இல்லை' என்ற முடிவுக்குத் தாய் வந்துவிடுகிறாள். அவள் சொல்வது பொய்யன்று. ஆயினும் அது தொடக்கத்தில் உண்மையாக இருக்கவில்லை.

பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும் என்பதும், மூன்றாம் வாரத்தை ஒட்டியும் ஆறாம் வாரத்தை ஒட்டியும் ஒரு மணிக்கொரு முறை கேட்பதுண்டு என்பதும், ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு ஆறு முறையேனும் துணி நனைந்தால் பால் போதுமென்று பெரும்பாலும் கொள்ளலாம் என்பதும் பெரிய மருத்துவ மறைபொருள்கள் அல்ல. அழுகை எல்லாம் பசியாலன்று என்பதும் அப்படியே. 2023இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரைத் தொடர், குழந்தையின் இயல்பான அழுகையையும் உறக்கமின்மையையும் 'பால் போதாமை' என்று காட்டிப் பால்மாவு நிறுவனங்கள் எவ்வாறு சந்தை பிடிக்கின்றன என்பதை விரிவாக எடுத்துரைத்தது. இந்தியாவில் 1992ஆம் ஆண்டின் சட்டம் இத்தகைய விளம்பரங்களைத் தடை செய்கிறது. 1981இல் உலக நலவாழ்வுப் பேரவை இதற்கான நெறிமுறையை ஏற்றபோது எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. அந்நாட்டில் நாம் குடியிருக்கிறோம். இலவச டப்பா வீட்டு வாசலுக்கு வருவதன் பின்னணி இது.

இனி, நம் ஊர் வழக்கத்துக்கு வருவோம். தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்வது தமிழர் வழக்கம். வெந்நீர்க் குளியல், பத்தியச் சோறு, பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு என்று அங்கே நடந்தவற்றை நாம் உணவுப் பட்டியலாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அவற்றினும் பயன் தந்தது ஒன்றுண்டு. பெற்றவள் வேறு எந்த வேலையும் செய்ய வேண்டாதபடி நாற்பது நாள் அவளைக் காத்து, குழந்தையை மார்பில் எப்படி அணைப்பது என்பதைக் கையைப் பிடித்துக் காட்டிய மூத்த பெண்கள் அவளைச் சூழ இருந்தார்கள். வெந்தயத்தால் பால் பெருகும் என்பதற்கு ஆய்வுச் சான்று அதிகமில்லை. அருகில் இருந்து கற்றுத் தரும் ஒருவரால் தாய்ப்பால் நீடிக்கும் என்பதற்கோ சான்று ஏராளம். நாம் கடல் கடந்து கொண்டு வந்தது வெந்தயத்தை!

அதற்காகத் தாய்வீட்டைக் கோயிலாக்கவும் வேண்டியதில்லை. சீம்பாலைக் கெட்ட பால் என்று கறந்து கொட்டியதும், முதல் நாளில் சேனை என்று சர்க்கரை நீரையோ தேனையோ தொட்டு வைத்ததும் அந்த வீடுகளில்தான். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆகாது என்பதை இன்று எந்த மருத்துவரும் சொல்வார். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று தாகத்தோடு வைத்திருந்த பாட்டிமாரும் உண்டு. டப்பாப்பால் குடித்த கொழுகொழு குழந்தையே நல்ல குழந்தை என்ற எண்ணத்தில் பிள்ளை வளர்த்த ஒரு தலைமுறையும் இடையில் வந்து போயிற்று. இன்று ஆறு மாத விசாவில் ஹூஸ்டனுக்கு வந்து இறங்கும் பாட்டிமாரில் சிலர் அத்தலைமுறையினர்.

தாயகத்து எண்களும் இதையே உணர்த்துகின்றன. இந்தியாவின் ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019 முதல் 2021 வரை நடந்தது. தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டும் பெறுவோர் நூற்றுக்கு 55 பேர். இந்திய அளவில் 64 பேர். மருத்துவமனைப் பேற்றில் முன்னணியில் நிற்கும் நம் மாநிலம் இதில் நாட்டின் சராசரிக்கும் கீழே நிற்கிறது. தமிழ்நாட்டுப் பேறுகளுள் நூற்றுக்கு 45 அறுவைப் பேறுகள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாக்கு நீரிணைக்கு அப்பால் இலங்கையில் 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இவ்விழுக்காடு 82. இரு கரையிலும் பத்தியமும் பாட்டிமாரும் உண்டு. பூண்டுக் குழம்பும் உண்டு. இலங்கையின் தனிச்சிறப்பு, 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து படிப்படியாக நாடெங்கும் பரவிய பொதுச் சுகாதார மருத்துவ மாதுக்களின் பணி. பேறு முடிந்து தாய் வீடு திரும்பியதும், முதல் பத்து நாள்களுக்குள் வீடு தேடி வந்து பார்ப்பது அவர்களது கடமை. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ்த் தாய்மார் பலரை அவ்வாறு வந்து பார்த்தவர்கள் அவர்கள். இத்தகைய வெற்றிக்கு ஒரே காரணம் என்று எதையும் கூறிவிட முடியாது. எனினும் மூன்றாம் நாளையும் பத்தாம் நாளையும் அரசே கணக்கில் வைத்துக்கொண்ட நாட்டில் தாய்ப்பால் நீடிக்கிறது என்பது நம் கண்ணுக்குத் தப்பலாகாது.

அமெரிக்காவில் அப்படி ஒருவர் கதவைத் தட்டும் ஏற்பாடு எல்லோருக்குமாக இல்லை. பெற்றவளுக்கான மருத்துவச் சந்திப்பு வழக்கமாக ஆறாம் வாரத்தில்தான். மூன்று வாரத்துக்குள் தொடர்பு கொள்ள வேண்டும் என்று இந்நாட்டு மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2018இல் பரிந்துரைத்தும் பழைய வழக்கம் முழுதும் மாறவில்லை. எனவே நம் குடும்பங்கள் நம்பியிருப்பது ஊரிலிருந்து வரும் அம்மாவை. 2020 மார்ச்சில் அமெரிக்கத் தூதரகங்கள் வழக்கமான விசாப் பணியை நிறுத்தியபோது, அந்த ஒற்றை ஊன்றுகோல் எவ்வளவு மெல்லியது என்பது தெரிந்தது. 2022இல் இந்தியாவில் முதன்முறை விண்ணப்பிப்போர் நேர்முகத்துக்கு ஓராண்டுக்கும் மேல் காத்திருந்தனர். பேற்றுக்கு ஒன்பது மாதம்தான் தவணை. அந்த ஆண்டுகளில் எத்தனையோ பெண்கள் கைப்பேசித் திரையில் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பால் கட்டிய மார்போடு அழுதார்கள். திரை வழியே பத்தியம் சொல்லலாம். குழந்தையின் வாயை மார்பில் சரியாக வைத்துக் காட்ட முடியாது.

இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்து இப்போது தாயாகும் இளைய தலைமுறைப் பெண்ணுக்கு விசாச் சிக்கல் இல்லை. அம்மா இருபது மைல் தொலைவில் இருக்கிறார். ஆனால் அந்த அம்மாவே முன்னர் யாருமற்ற அடுக்ககத்தில் புட்டியால் பிள்ளை வளர்த்தவராக இருக்கலாம். அறிவு ஒரு தலைமுறைக்கு முன்பே அறுந்துபோயிருந்தால், அருகிலிருந்தும் பயன் குறைவு. இவ்வீடுகளில் மற்றொரு தொல்லையும் உண்டு: குழந்தை பார்க்க வருவோர். கூடம் நிறைய விருந்தினர் அமர்ந்திருக்க, பெற்றவள் நாணி உள்ளறைக்கும் கூடத்துக்குமாக அலைகிறாள். அல்லது தேநீர் போடுகிறாள். வந்தவரின் முதற் கேள்வி 'பால் இருக்கிறதா?' என்பது. இக்கேள்வி நலம் விசாரிப்பு என்று கேட்பவர் நினைக்கிறார். கேட்கப்படுபவளுக்கு அது தேர்வு.

வேலைக்குச் செல்வோர் நிலையைச் சிறிது கூற வேண்டும். 1993ஆம் ஆண்டின் குடும்ப விடுப்புச் சட்டம் 12 வாரம் விடுப்பு அளிக்கிறது, ஊதியம் இல்லை. அதையும் பெற ஒரே நிறுவனத்தில் ஓராண்டு பணி முடித்திருக்க வேண்டும். 75 மைல் சுற்றளவில் 50 ஊழியர் இருக்க வேண்டும். ஹெச்-1பி விசாவில் சிறிய ஒப்பந்த நிறுவனங்கள் வழியே பணியாற்றும் நம் பெண்களுள் பலர் இந்த இரு நிபந்தனைகளில் ஒன்றில் தடுக்கி விழுகிறார்கள். கலிபோர்னியா 2004 முதலும் நியூ ஜெர்சி 2009 முதலும் ஊதியத்தில் ஒரு பகுதியுடன் கூடிய குடும்ப விடுப்பை வழங்கி வருகின்றன. டெக்சாஸில் தனியார் ஊழியருக்கு அத்தகைய மாநிலத் திட்டம் கிடையாது. தமிழ்நாட்டு அரசு ஊழியப் பெண்ணுக்கு 2021 முதல் பேறுகால விடுப்பு 12 மாதம் என்பதை ஹூஸ்டனில் ஆறாம் வாரத்தில் மடிக்கணினியைத் திறக்கும் பெண்ணிடம் சொல்லாமலிருப்பதே நாகரிகம்.

எனினும் உள்ள உரிமைகளேனும் தெரிந்திருக்க வேண்டும். 2022 டிசம்பர் 29 அன்று கையெழுத்தான சட்டம், குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை பணியிடத்தில் பால் கறக்க நேரமும், கழிப்பறையல்லாத மறைவான இடமும் அளிக்க வேண்டும் என்கிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் விடுபட்டுப்போன மாத ஊதியத்தினர் பலர், மென்பொருள் பொறியாளரும் ஆசிரியைகளும் உட்பட, இதில் சேர்க்கப்பட்டுள்ளனர். சிறு நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. பால் கறக்கும் கருவியையும் பாலூட்டல் ஆலோசகரின் உதவியையும் பெரும்பாலான காப்பீடுகள் தனிக் கட்டணமின்றி ஏற்க வேண்டும். கறந்த பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரமும் குளிர்ப்பெட்டியில் நான்கு நாளும் கெடாது. டெக்சாஸில் தாய் எங்கே இருக்க உரிமை பெற்றவளோ அங்கெல்லாம் பாலூட்ட உரிமை பெற்றவள் என்று 1995ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஹில்கிராஃப்ட் உணவகத்துக்கும் கோயில் மண்டபத்துக்கும் அது பொருந்தும்.

இவ்வளவும் செய்தும் பால் போதாத தாய்மார் உண்டு. சிலருக்கு உடலமைப்பும், சிலருக்கு நோயும் மருந்தும் இடந்தருவதில்லை. பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு சிலரை வாட்டுகிறது. அவர்களுக்குப் பால்மாவு ஒரு நல்ல உணவு. குழந்தை பசித்திருக்கக் கொள்கை பேசுவது கொடுமை. 2022இல் மிச்சிகன் மாநில ஆலை ஒன்று மூடப்பட்டதால் நாடெங்கும் பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 'தாய்ப்பால் கொடுக்க வேண்டியதுதானே' என்று எளிதாகச் சொன்னவர்கள் நம்மிடையேயும் இருந்தார்கள். வற்றிய மார்பு ஒரு வாரத்தில் ஊறிவிடாது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

1956இல் இல்லினாய் மாநிலத்தில் ஏழு தாய்மார் கூடி லா லெச்சே லீக் என்னும் அமைப்பைத் தொடங்கினர். அவர்களிடம் நிதியும் இல்லை, கட்டடமும் இல்லை. ஒருவர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, பாலூட்டி அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லித் தந்தார்கள். அமெரிக்காவில் தாய்ப்பால் தொடங்கிய தாய்மார் 1970களின் தொடக்கத்தில் ஏறக்குறைய நால்வரில் ஒருவரே. அங்கிருந்து இன்றைய நிலைக்கு வந்ததில் இத்தகைய கூடங்களுக்குப் பங்குண்டு. நம் தமிழ்ச் சங்கங்களிடம் மண்டபம் உண்டு, உறுப்பினர் பட்டியல் உண்டு, மின்னஞ்சல் உண்டு. பொங்கல் விழாவுக்கு உணவு சமைக்க நாற்பது தன்னார்வலரைத் திரட்டும் சங்கம், தன் ஊரில் அம்மாதம் பிள்ளை பெறவிருக்கும் நான்கு பெண்களை அறிந்து வைப்பது அரிதா? ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் பாலூட்டிய மூன்று நான்கு தாய்மார் முன்வந்து, முறையான பயிற்சி பெற்று, புதிய தாயைப் பேற்றுக்கு முன் ஒரு முறையும், வீடு திரும்பிய மறுநாளும், பத்தாம் நாளும் சென்று பார்க்கலாம். தம் அறிவுக்கு மிஞ்சியதாயின் பாலூட்டல் ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அனுப்பலாம். தமிழிலேயே பேசும் ஒருவர் வந்தால், உடன் இருக்கும் பாட்டியும் அந்தப் பேச்சில் கலந்துகொள்வார். தேன் தொட்டு வைக்கும் கையை மரியாதை குறையாமல் தடுக்க அதுவே வழி.

வளைகாப்பில் பரிசளிக்க எண்ணும் நண்பர்கள் உடைகளைக் குறைத்துக்கொண்டு, முதல் இரு வாரத்துக்குச் சமைத்த உணவை முறை வைத்து வாசலில் வைத்துவிட்டு வரலாம். உள்ளே போய் அமர வேண்டா. கணவன்மாருக்கும் மேற்சொன்ன 12 வார விடுப்புச் சட்டம் பொருந்தும். அதை மாமியார் வரும் நாளுக்கென்று தள்ளி வைக்காமல் முதல் வாரத்திலேயே எடுப்பது நன்று. இரவில் குழந்தையைத் தூக்கி வந்து தாயிடம் தருவதும், ஏப்பம் விடச் செய்வதும், துணி மாற்றுவதும் ஆணுக்கு இயலாத கலைகள் அல்ல. இளையோர்க்கும் ஒரு வேலை உண்டு: ஆங்கிலத்தில் உள்ள பணியிடச் சட்டங்களையும் காப்பீட்டு விதிகளையும் இரண்டு பக்கத் தமிழில் எழுதித் தமிழ்ப் பள்ளி வாசலிலும் ஹில்கிராஃப்ட் கடைகளிலும் வைப்பது. வரும் கோடை விடுமுறைக்குள் அதை முடிக்கலாம். எழுதி அனுப்புவோரின் பக்கங்களை மருத்துவர் பார்வைக்கு உட்படுத்தி இத்தளத்தில் வெளியிட நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.